பன்னிரண்டு பேருக்கு ஒரே கோட்டு

அன்புள்ள மகளுக்கு,

இதனால் சகல ஜனங்களுக்கும், குறிப்பாக உனக்கும், தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த முகத்தில் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் பணியாற்றிவந்த என் மீசை இன்று காலை ஆறே முக்கால் மணிக்குக் காலமானது. நாளைக்கு நீ என்னைப் படம் எடுக்கப் போகிறாயே, கொஞ்சம் திருத்திவைப்போம் என்று கத்தரியோடு உட்கார்ந்தேன். இடது பக்கம் சற்றுத் தூக்கலாக இருந்தது, குறைத்தேன். உடனே வலது பக்கம் முறையிட்டது, அதையும் குறைத்தேன். இப்படி இரண்டு தரப்புக்கும் நியாயம் வழங்கிக்கொண்டே போனதில் கடைசியில் வழக்கு மட்டும்தான் மிஞ்சியது, சொத்து இல்லை. உன் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருய்யா நீ? எங்கூட்டுக்காரரு உள்ள கீறாரு, அப்பாலிக்கா வா" என்றாள். துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்குக் காபி உண்டு.

நாளை மறுநாள் நீ கிளம்புகிறாய். புயலில் படகையும் வீட்டையும் இழந்த கடற்கரைக் குடும்பங்களோடு மூன்று ஆண்டுகள் இருந்து நீ எடுத்த படங்கள் புத்தகமாகப் போகின்றன. அது வெளிவரும்போது நீ இங்கே இருக்கமாட்டாய். எல்லைப் பக்கம், சண்டைக்குப் பயந்து ஓடிவந்து கூடாரங்களில் இருக்கும் குடும்பங்களோடு இருப்பாய். அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு நீ எழுதியதை நேற்று என்னிடம் கொடுத்து, "பிழை பார்த்துக் கொடுப்பா, திங்கட்கிழமை அச்சுக்குப் போவுது" என்றாய். பார்த்தேன். "என் அப்பா பதினெட்டு வயதில், பாலாற்று வெள்ளத்தில் வீடிழந்த பன்னிரண்டு குடும்பங்களை, இரக்கப்படத்தக்கவர்களாக அல்ல, மதிக்கத்தக்கவர்களாகப் படம் எடுத்தார். அதற்காக ஒரு கமிட்டியையே எதிர்த்து நின்றார். நான் கேமராவைக் கையில் எடுத்தது அந்தப் படங்களால்" என்று எழுதியிருக்கிறாய். மூன்று தடவை படித்தேன். நான்காவது தடவை உன் அம்மாவுக்குக் கேட்கும்படி படித்தேன். எழுத்துப்பிழை இரண்டே இரண்டு. ஆள்பிழை ஒன்று இருக்கிறது. அதை ஓரத்தில் சிவப்பு மசியால் சுழித்துத் திருத்த முடியாது என்பதால்தான் இத்தனை நீளக் கடிதம். கெட்டிக்காரத்தனத்தில் எனக்குக் குறையில்லை என்பது உனக்குத் தெரியும். ஆகவே கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டே போய், பிறகு விஷயத்துக்கு வருகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் பெரிய காஞ்சிபுரத்தில் என் மாமாவின் ஸ்டூடியோவில் நான்தான் இரண்டாம் போட்டோகிராபர். முதலாமவர் மாமா. சேட்டையில் அந்த வரிசை தலைகீழ். உம்மென்று இருக்க வேண்டிய விண்ணப்பப் படத்துக்கு வந்து உட்காருபவர்களிடம், "சிரிக்காதீங்க, போன வாரம் சிரிச்ச ஒருத்தருக்கு அப்படியே நின்னுட்ச்சி" என்பேன். அதற்கப்புறம் யார் சிரிக்காமல் இருப்பார்கள்? கடை முகப்புக் கண்ணாடிக்குள் எங்கள் பள்ளித் தலைமையாசிரியரின் படத்தை வாடகைக் குதிரையின் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, இருவர் முகமும் ஒன்றையொன்று பார்க்கும்படி திருப்பிவிட்டேன். ஊரே வந்து பார்த்தது. மாமா அடிக்கக் கை ஓங்கி, அவரும் ஒருமுறை பார்த்துவிட்டு, கையைக் கீழே போட்டார். அந்த முகப்புக் கண்ணாடிதான் என் அரங்கம். தெருமுனை டீக்கடை நண்பர்கள் இரண்டு பேர் என் நிரந்தர ரசிகர்கள்.

பாலாறு உனக்குத் தெரிந்த ஆறுதான். பாலும் கிடையாது, ஆறும் கிடையாது, மணல் மட்டும் உண்டு. அந்த ஐப்பசியில் அது தன் பெயரின் பிற்பாதியைத் திடீரென்று நினைத்துக்கொண்டது. ஓரிக்கைக்கு அப்பால், கரையோரம் இருந்த பன்னிரண்டு குடிசைகளை விடியற்காலையில் வந்த தண்ணீர் எடுத்துக்கொண்டு போயிற்று. எல்லாம் வயல்வேலைக் கூலிக் குடும்பங்கள். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கூரை இல்லை, பானை இல்லை, மாற்றுத் துணி இல்லை. பள்ளிக்கூட வராந்தாவில் ஒண்டியிருந்தார்கள். ஊர் வியாபாரிகள் சேர்ந்து ஒரு நிவாரணக் கமிட்டி போட்டார்கள். மூங்கிலும் கீற்றும் அரிசியும் கொடுப்பதாக ஏற்பாடு. ஒரு நிபந்தனை. ஒவ்வொரு குடும்பமும் இடிந்த தன் வீட்டின் முன் நிற்கும் படம் ஒன்று வேண்டும், பார்த்துவிட்டுத்தான் கொடுப்போம் என்றார்கள். மாமா மழையில் வழுக்கி விழுந்து காலில் கட்டோடு படுத்திருந்தார். ஆகவே நான் போனேன். ஒரு சுருளில் பன்னிரண்டு படம், பன்னிரண்டு குடும்பம். ஒன்று தவறினாலும் ஒரு வீட்டுக்குக் கூரை இல்லை. அப்படிப்பட்ட வேலையைப் பதினெட்டு வயதில் ஒரு படம்கூட வீணாக்காமல் முடித்தேன் என்பதை இங்கே அடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

சைக்கிள் கேரியரில் எங்கள் தகரப்பெட்டியும் இருந்தது. பழக்க தோஷம் என்று வைத்துக்கொள். கிராமங்களுக்குக் காதுகுத்து, வளைகாப்பு என்று படம் எடுக்கப் போகும்போதெல்லாம் அது கூடவே வரும். உள்ளே ஒரு கறுப்புக் கோட்டு, ஓடாத கைக்கடிகாரம், பவுடர், சீப்பு, கண்ணாடி, அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுப்புடவை. புடவை அசல் பட்டுதான். ஆனால் உடலும் கரையும் ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்ளும் இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கோர்வை விட்டுப்போயிருந்தது. கடைக்காரர் வேண்டாம் என்று திருப்பியதை நெய்தவர் மாமாவிடம் தள்ளிவிட்டிருந்தார். பழுதை உள்ளே மடித்துக் கட்டினால் படத்தில் மகாராணிதான்.

கரையில் என்னை முதலில் பார்த்தது முனியம்மா. இருபத்தைந்து வயது இருக்கும், இடுப்பில் ஒரு குழந்தை. "இன்னாபா, படம் புடிக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? பொட்டியெல்லாம் எட்த்துக்கினு வந்துகீற!" என்றாள். உள்ளே என்ன என்று கேட்டாள். சொன்னேன். யாருக்கு என்று கேட்டாள். "உங்களுக்குத்தாங்கா" என்றேன். அவள் திரும்பித் தன் புருஷன் ஏழுமலையைப் பார்த்தாள். அந்த மனுஷன் இடுப்பில் ஈரத்துண்டோடு நின்றுகொண்டிருந்தார். "இந்தாளுக்குக் கோட்டா? யோவ், கண்ணாலத்துக்கே சொக்கா இல்லாம வந்த ஆளு நீ!" மூன்று நாளில் அங்கே கேட்ட முதல் சிரிப்பு அது. "உள்ள சொக்கா வேணாமா தம்பி?" என்று ஏழுமலை கேட்டார். "மேல் பொத்தானப் போட்டுக்கோண்ணா, உள்ள இருக்கறது கேமராவுக்குத் தெரியாது" என்றேன். முனியம்மா புடவையைச் சுற்றிக்கொண்டு விரலால் கரையைத் தடவினாள். "இன்னாபா இது, கர பிச்சிக்கினு கீது?" உள்ளே மடித்துக்கொண்டால் கேமராவுக்குத் தெரியாது என்று மறுபடியும் சொன்னேன். "கேமராவுக்குத் தெரியாது. எனுக்குத் தெரியுதே" என்றாள். பிறகு, பவுடரைக் குழந்தைக்கு அப்பி, தனக்கு அப்பி, இடிந்த மண்சுவரின் முன்னால் நான் சொன்னபடி சிரித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். அடுத்த வீட்டுக்காரருக்கு அதே கோட்டு, அவர் மனைவிக்கு அதே புடவை. இப்படிப் பன்னிரண்டும் முடிந்தது. அங்கிருந்த யாரும் அதற்குமுன் படம் எடுத்துக்கொண்டதே இல்லை.

கமிட்டிச் செயலாளர் பட்டுக்கடைக்காரர். இங்கேதான் என் மூளை வேலை செய்யவில்லை. வேறு எந்த ஊராக இருந்தாலும் கறுப்பு வெள்ளைப் படத்தில் புடவை வெறும் புடவை. இந்த ஊரில் அது நடக்குமா? மேசையில் பன்னிரண்டு படத்தையும் பரப்பியவர் சுவரையும் பார்க்கவில்லை, சேற்றையும் பார்க்கவில்லை. "இது அசல் பட்டு. மடிப்பு நிக்கிற அழகே சொல்லுது" என்றார். அடுத்த படத்தைப் பார்த்தார். "இதுவும் பட்டு." அதற்கடுத்தது. "பன்னண்டு வீட்லயும் பட்டு. ஆம்பளைங்க எல்லாம் கோட்டு. ஏன்டா, வெள்ளத்துல நனைஞ்சாங்களா, வெள்ளத்துக்கு விருந்தாளியா போனாங்களா?" கோட்டும் புடவையும் எங்கள் ஸ்டூடியோவுடையவை என்றேன். "படத்துக்கே வேஷம் கட்டினவங்க, வீடு இடிஞ்சதுக்கும் வேஷம் கட்டமாட்டாங்களா? இந்தச் சுவர் யாரோடதோ! நாளைக்குள்ள ஒழுங்கா எடுத்துக்கினு வா. இல்லன்னா கீத்து வேற ஊருக்குப் போயிடும்" என்று படங்களை என் பக்கம் தள்ளினார். வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன். தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. வராந்தாவில் ஒதுங்கியிருப்பவர்களைப் பள்ளிக்கூடம் திறந்ததும் காலிசெய்யச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் காலை இன்னொரு சுருளோடு கரைக்குப் போனேன். இந்தத் தடவை பெட்டி இல்லை. நடந்ததைச் சொல்லி, "அக்கா, இன்னொரு வாட்டி நிக்கணும். தலையக் கொஞ்சம் கலைச்சிக்கினு, அழற மாதிரி..." என்று இழுத்தேன். முனியம்மா குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள். "அன்னிக்குச் சிரின்ன, சிரிச்சோம். இன்னிக்கு அழுன்ற. நாளைக்கு இன்னா சொல்லுவ, செத்த மாதிரி படுத்துக்கோன்னுவியா?" நான் சுருளைப் பைக்குள் போட்டேன். "அழறதுக்கு எனுக்கு நீ சொல்லணுமா தம்பி? அழுது முடிச்சிட்டுத்தான் அன்னிக்கு உன் முன்னால வந்து நின்னேன்." ஏழுமலை, "போவட்டும் விடு, கூரை வேணுமே" என்று முணுமுணுத்தார். "கூரைதான் வோணும். அதுக்குத்தான் சொல்றேன். அந்தப் பொடவ எங்க கீது?" ஸ்டூடியோவில் என்றேன். "நட. நாங்களும் வரோம்."

எங்கள் ஸ்டூடியோவில் புடவையை எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு குடும்பமும் சேற்றுக் காலோடு ராஜ வீதி வழியாகக் கமிட்டி ஆபீசுக்கு நடந்தது. முனியம்மா உடம்பில் ஒட்டியிருந்த தன் ஒரே சேலையோடு உள்ளே போய், பட்டுப்புடவையை மேசைமேல் விரித்தாள். "ஐயா, பட்டு பாத்தே பல்லு மொளச்சவரு நீங்க. இத்தப் பாத்துச் சொல்லுங்க. இது எங்க பொடவையா?" செயலாளர் எரிச்சலோடுதான் கையை நீட்டினார். ஆனால் பட்டைத் தொட்டதும் அவருடைய விரல்கள் அவரைக் கேட்காமலே வேலையைத் தொடங்கிவிட்டன. கரையோரமாகப் போன விரல் ஓரிடத்தில் நின்றது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கோர்வை விட்டிருக்கு..." புருவம் சுருங்கியது. "இது நான் திருப்பி அனுப்பின புடவைல்ல? மூணு வருஷம் ஆச்சு. இது எப்படி...?" முனியம்மா சொன்னாள்: "நீங்க தள்ளினதுதான ஐயா எங்களாண்ட வந்து சேரும். அத்தக் கட்டிக்கினு அரை நாழி நின்னதுக்கு எங்க கூரையையும் தள்ளுவீங்களா?" அவர் புடவையை மடிப்பு மேல் மடிப்பு வைத்து, கடையில் வாடிக்கையாளருக்கு மடிப்பதுபோலவே நிதானமாக மடித்து அவள் கையில் கொடுத்தார். பிறகு குமாஸ்தாவைப் பார்த்து, "பன்னண்டு வீட்டுக்கும் வண்டியில ஏத்துப்பா, மழைக்கு முந்தி போயிடணும்" என்றார். போய்ச் சேர்ந்தது. கீற்று வேய்ந்த அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது.

இப்போது நீ கேட்பாய், இதில் நான் எங்கே என்று. வெளியே. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சைக்கிளுக்கு நல்ல ஸ்டாண்டு இருந்தது. கதவு திறந்திருந்ததால் எல்லாம் தெரிந்தது, கேட்டது. ஆகவே உன் முதல் பக்கத்தில் "கமிட்டியை எதிர்த்து நின்றார்" என்ற இடத்தில் "எதிர்த்து" என்பதை அடித்துவிடு. "நின்றார்" இருக்கட்டும், அது உண்மை. பிறகு கதையைச் சொல்லச் சொல்ல நான் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்துவிட்டேன். முதல் வருடம் வாசற்படிவரை வந்தேன். அடுத்த வருடம் மேசை ஓரம். உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது மேசையையே தட்டினேன்.

நீ இந்த வேலைக்குப் போவதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஏனென்றால் நான் செய்யாததையெல்லாம் நீ செய்கிறாய். உனக்கு ஆறு வயதில் சைக்கிள் பழகும்போது கோயில் குளத்துப் படிக்கட்டருகே விழுந்து முழங்கால் கிழிந்து அழுதாய். வெளிச்சம் உன் கன்னத்தில் அற்புதமாக விழுந்திருந்தது. நான் கேமராவைத் தூக்கினேன். உன் அம்மா ஓடிவந்து, "புள்ளைய எடுய்யான்னா படத்த எடுக்கிறியே!" என்று கத்தினாள். இரண்டு நாள் எனக்குச் சோறு பேச்சில்லாமல் வந்தது. படம் நன்றாகத்தான் வந்தது. அதை இதுவரை உனக்குக் காட்டியதில்லை, வெட்கமாக இருக்கிறது. ஆனால் நீ? கடற்கரையில் ஒரு வீட்டில் எட்டு மாதம் கேமராவை வெளியே எடுக்காமல் மீன் ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று கேள்விப்பட்டேன். எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பிரதியை அவர்கள் கையில் கொடுத்த பிறகே ஊருக்குக் கொண்டுவந்தாய். போகிற இடத்திலும் அப்படியே செய். கூடவே பையில் ஒரு சீப்பு வைத்துக்கொள். யாராவது தலைவாரிக்கொள்ள வேண்டும் என்றால், வெளிச்சம் போகிறதே என்று பதறாதே. வெளிச்சம் நாளைக்கும் வரும். சண்டையும் வெள்ளமும் பார்த்தவர்களுக்குத் தங்கள் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஒரு தீர்மானம் இருக்கிறது. நாம் அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே அதை எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

உனக்குப் பத்து வயதில் உன்னையும் உன் அம்மாவையும் முனியம்மா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். சாமிப் படங்களுக்கு நடுவில், நான் கொடுத்திருந்த அந்தப் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. நீ அதன் முன்னால் அசையாமல் நின்றாய். முனியம்மா உன் தலையைத் தடவி, "வெள்ளத்துல எல்லாம் பூட்ச்சி கண்ணு. ஒங்கப்பாதான் எங்களையும் மனுசரா மதிச்சி, கோட்டு போட்டு, பட்டு கட்டி நிக்க வெச்சாரு. இந்த ஊட்ல வெள்ளத்துக்கு அப்புறம் மொதல்ல வந்த பொருளு இதான்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அப்பா எவ்ளோ அடக்கம்!" என்று பேருந்தில் வரும்போது அம்மாவிடம் சொன்னாய்.

அது அடக்கம் இல்லை, மகளே. பெட்டியை நான் பழக்க தோஷத்தால் கட்டிக்கொண்டு போகவில்லை. மாமா படுக்கையிலிருந்தே, "வெள்ளத்துக்குப் போறடா, பொட்டி எதுக்கு? வெச்சிட்டுப் போ" என்று சொன்னார். தெரிந்தேதான் எடுத்துப் போனேன். முந்தின நாள் டீக்கடையில் அந்த இரண்டு ரசிகர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். பன்னிரண்டு பேருக்கும் ஒரே கோட்டைப் போட்டு எடுத்து, முகப்புக் கண்ணாடியில் வரிசையாக வைத்து, "ஒரு கோட்டு, பன்னிரண்டு மாப்பிள்ளைகள்" என்று அட்டை எழுதித் தொங்கவிடுகிறேன், ஊர் சிரிக்கப் போகிறது பாருங்கள் என்று. அட்டைகூட எழுதி வைத்துவிட்டேன். மதிப்பும் இல்லை மண்ணும் இல்லை. அவர்களை வைத்துச் சிரிக்கத்தான் கோட்டை மாட்டிவிட்டேன். படங்களைக் கழுவிக் காயப்போட்டபோது இரண்டு பேரும் சிரிப்பதற்குத் தயாராக வந்து நின்றார்கள். பார்த்தார்கள். ஏழுமலை குழந்தையைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டிருந்தார். இன்னொருவர் கோட்டின் நீளமான கைகளை ஒழுங்காக மடித்துவிட்டிருந்தார். பன்னிரண்டு படத்திலும் அதே கோட்டு, ஆனால் கோட்டு கண்ணில் படவே இல்லை. "யார்ரா இவங்க எல்லாம்?" என்றான் ஒருவன், மெல்ல. அட்டையை அடுப்பில் போட்டேன். நான் கேலிக்குக் கொடுத்ததை அவர்கள் தங்கள் அளவுக்குத் திருத்திப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு எனக்கு அவர்கள் நன்றி வேறு சொன்னார்கள். வாங்கிக்கொண்டேன். இத்தனை ஆண்டுகளாக அதில்தான் பெரிய மனிதனாக உலாவிக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமைக்கு முன்னால் அந்தப் பக்கத்தில் என் பெயரை எடுத்துவிட்டு முனியம்மாவின் பெயரைப் போடு. அவளிடம் நானே போய்ச் சொல்கிறேன், நீ கிளம்பின மறுநாள், சத்தியமாக. இந்தக் கடிதத்தை உறையில் போட்டு, ஒட்டாமல் உன் பெட்டிமேல் வைக்கிறேன். நீ எடுப்பதற்குள் உன் அம்மா எப்படியும் படித்துவிடுவாள். படிக்கட்டும் என்றுதான். மேசையைத் தட்டிய ஆள் என்று நம்பித்தான் அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். நேரில் சொல்ல இன்றைக்கும் எனக்குத் தைரியம் இல்லை. அவள் படித்து முடிக்கும்வரை நான் தெருமுனையில் இருப்பேன்.

உன் அப்பா